நோன்புக் களைப்பு

கிளெமென்றுக்குத் தூக்கம் கிடைப்பது பஸ்ஸில்தான். பேலியகொடை மீன் சந்தைக்கு ஐஸ் கொடுக்கும் கம்பனியொன்றில் அவர் மேற்பார்வையாளர். சந்தை கூடுவதற்கு முன் லொறிகள் கிளம்பியாக வேண்டும் என்பதால், கொட்டாஞ்சேனை முழுக்க உறங்கிக் கிடக்கும்போதே அவர் எழுந்து முகம் கழுவிவிடுவார். பகலில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அவசர அவசரமாகச் சோற்றை விழுங்கிவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுவார். அங்கே எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவர்தான் பயிற்றுவிப்பாளர். ஏறி உட்கார்ந்த கையோடு தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடும். சில நாட்களில் கொண்டக்டர் தட்டி எழுப்பும்போது பஸ் வெள்ளவத்தையைத் தாண்டிக் கல்கிசையில் நிற்கும். இறங்கி, எதிர்ப்பக்கம் போய் இன்னொரு பஸ் பிடித்து வருவார். கோச் பிந்தினால் பொடியன்கள் யாரையும் விசாரிக்க மாட்டார்கள். "கல்கிசைக்குப் போயிட்டார் போல" என்று சொல்லிவிட்டுத் தாங்களாகவே ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

நான் அந்தக் கழகத்தின் செயலாளர், சிவமணி. காலி வீதியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது உருண்டை என்பது மட்டும்தான். என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது, அதனால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவர் ஷிராஸ் ஹாஜியாருக்கு ஹார்ட்வெயர் கடை. ஜேர்சி எல்லாம் அவர் செலவு. அதனால் ஆட்டத்தைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் நாங்கள் தலையாட்ட வேண்டும். கிளெமென்றுக்கு மட்டும் அந்தப் பழக்கம் கொஞ்சம் குறைவு.

சம்பளம் இல்லாத வேலை இது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், முழங்கால் இரண்டும் போய்விட்டது, வீட்டில் மனைவி இவரோடு கதைப்பதை எப்போதோ குறைத்துக்கொண்டுவிட்டார். "ஏன் ஐசே இந்த இழவு, விட்டுத் துலைச்சிட்டு வீட்டில படுமன்" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். "படுத்தா நித்திரை வராது அண்ணே. பஸ்ல தான் வரும்." அவரிடமிருந்து பிடுங்கக்கூடிய பதில் அவ்வளவுதான்.

போன வருடம் எங்கள் லீக்கை நடத்துகிறவர்கள் பயிற்றுவிப்பாளர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று ஒரு டொக்டர் வந்து படம் போட்டு விளக்கினாராம். பெரும்பாலானவர்கள் மத்தியானச் சோற்றுப் பார்சல் வந்ததும் கழன்றுவிட்டார்கள். கிளெமென்ற் முழுதாக இருந்து கேட்டார். அன்று பின்னேரம் என் கடைக்கு வந்து, கேட்டது எல்லாவற்றையும் எனக்கும் ஒப்புவித்தார். தலையில் அடிபட்டவன் மயங்கி விழவேண்டும் என்று இல்லையாம். எழுந்து நடப்பான், சிரிப்பான், எனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணுவான். ஆனால் கால் தடுமாறும், பதில் சொல்லப் பிந்தும், எந்தப் பக்கம் ஓடுவது என்று குழம்பும், வாந்தி வரும், வெளிச்சம் கூசும். ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாம்.

"சந்தேகம் வந்தா வெளிய எடுக்கணும் அண்ணே. விளையாடுறவன்ட பேச்சக் கேக்கப்படாது. தலைவர்ட பேச்சயும் கேக்கப்படாது. பாக்கவேண்டியவன் கோச் தான்" என்றார்.

"யாழ்ப்பாணத்தில நாங்கள் மண்டை உடைஞ்சாலும் துணியைக் கட்டிக்கொண்டு விளையாடினனாங்கள்" என்றேன் நான், விளையாடாத நான்.

"அதுல எத்தனை பேர் பிறகு ஒழுங்கா இருந்தாங்கள் எண்டு யாரும் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லைதான். நான் கடைப் பையனைக் கூப்பிட்டு அவருக்குத் தேநீர் வரவழைத்தேன்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தெரியாத ஒருவருக்கு நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

எங்கள் அணியில் பாதிக்கு மேல் முஸ்லிம் பொடியன்கள். மிச்சம் தமிழ்ப் பொடியன்கள், இரண்டு மூன்று சிங்களப் பொடியன்கள். நோன்பு மாதம் வந்தால் கிளெமென்ற் ஆளே மாறிவிடுவார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டாலும் விடுவார், நோன்பு பிடித்த பொடியனுக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார். தண்ணீர்ப் போத்தல்களை மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி, அதற்குள் வைத்து, மேலே துவாயைப் போட்டு மூடிவிடுவார். நோன்பு இல்லாத மிதுஷனும் பிரசாந்தும் தாகமெடுத்தால் உடுப்பு மாற்றும் அறைக்குப் பின்னால் போய்த்தான் குடிக்க வேண்டும். நோன்புக்காரர்களைப் பார்த்து அதிகம் கத்த மாட்டார், அவர்களை அதிகம் கதைக்கவும் வைக்க மாட்டார். "வாய் காஞ்சி கிடக்கிறவனோட ஏன் வாயக் குடுக்கணும்" என்பார். இந்த மரியாதையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முஸ்லிம் வீடுகளோடு சுவர் சேர்ந்த வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அது அவருக்குத் தானாகவே வந்தது.

இந்த வருடம் மழையாலும் மைதானம் கிடைக்காததாலும் லீக் இழுபட்டு, கடைசி ஆட்டங்கள் நோன்பு மாதத்தில் வந்து விழுந்தன. தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். மறுத்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் கொட்டாஞ்சேனைப் பக்கத்து மைதானமொன்றில். சமநிலையில் முடித்தாலே எங்களுக்குப் போதும். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் ஷிராஸ் ஹாஜியார் கழகத்தை இழுத்து மூடிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பின்களம் முழுக்க அஹ்ஸனை நம்பித்தான் இருந்தது. வெள்ளவத்தையில் ஃபோன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞன்; நெட்டையன். உயரத்தில் வரும் பந்தெல்லாம் அவன் தலைக்குத்தான். தகப்பன் கத்தாரில். பாமன்கடைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் தாயோடு இருக்கிறான். ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை என்று தாய் ஷபீகா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அவனும் அப்படித்தான், காய்ச்சலோடும் நோன்பு பிடிப்பவன்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் எதிரணிக்கு ஒரு கோர்னர். அஹ்ஸனும் எதிரணிக்காரன் ஒருவனும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். இரண்டு மண்டைகளும் மோதிய சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கு வரைக்கும் கேட்டது. எதிரணிக்காரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனான். அஹ்ஸன் கொஞ்ச நேரம் குப்புறக் கிடந்தான். கிளெமென்ற் ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி ஓடினார். வேறு மாதமென்றால் ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் கவிழ்த்து, வாய் கொப்பளிக்கக் கொடுத்து, நாலு கேள்வி கேட்டிருப்பார். அன்றைக்கு ஐஸ் பையைத் துவாயில் சுற்றி, கரைந்த தண்ணீர் வாய்க்குள் வழிந்துவிடாமல் மேலுதட்டில் கை வைத்துத் தடுத்துக்கொண்டு, ஒத்தடம் கொடுத்தார்.

"ஏலுமா மகன்?"

"ஏலும் கோச்."

அவ்வளவுதான் கேட்டார். அவன் எழுந்து, நடுவருக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். நாங்கள் கை தட்டினோம்.

இடைவேளைக்குள் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். இடைவேளையில் அஹ்ஸன் சுவரோரம் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு இருந்தான். கிளெமென்ற் அவனைத் தொந்தரவு செய்யாமல் மற்றவர்களோடு கதைத்தார். திரும்பவும் இறங்கியபோது, பக்கம் மாற வேண்டியவன் பழைய பக்கத்துக்கே போய் நின்றான். கப்டன் ஸைத் கையைப் பிடித்து இழுத்து வந்து விட்டான். பொடியன்கள் சிரித்தார்கள். "நோன்பு தலைக்கடிச்சிட்டு டோய்" என்று யாரோ கத்தினான். அஹ்ஸனும் சிரித்தான்.

கிளெமென்ற் என் பக்கத்தில் வந்து நின்றார். "பாருங்க அண்ணே, பாவம். இந்த வெயிலுக்கு நாக்கு நனைக்காம நிக்கிறான். எங்களால ஏலுமா?" குரலில் அவ்வளவு பாசம். மார்ச் மாத வெயில். வாங்கில் சும்மா இருந்த எனக்கே தலை சுற்றியது. அதனால் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

பிறகும் இரண்டு தடவை அவன் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தினான். ஒருமுறை கிளெமென்ற் எல்லைக் கோட்டுக்குப் போய், மாற்றவா என்று கையால் கேட்டார். "வேணாம் கோச், நோன்பு தான்" என்றான் அவனே. சரியென்று திரும்பி வந்தார். சற்று நேரத்தில் கால் பிடித்துக்கொண்ட பிரசாந்தை எடுத்துவிட்டு மிதுஷனை இறக்கினார். மாற்றுவதற்கு எங்களிடம் இருந்த கடைசி ஆள் மிதுஷன்தான்.

அதற்குப் பிறகு ஓர் உயரப் பந்து வந்தது. அஹ்ஸன் எம்பித் தலையால் அடித்துத் தூர அனுப்பினான். நல்ல அடி. ஷிராஸ் ஹாஜியார் எழுந்து நின்று கை தட்டினார். பந்து வெளியே போயிருந்தது. பந்தை உள்ளே எறிவதற்காக எல்லோரும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அஹ்ஸன் மட்டும் எதிர்த்திசையில், எங்களை நோக்கி நடந்து வந்தான். ரெஜிபோம் பெட்டிக்கு முன்னால் நின்றான். துவாயை எடுத்துக் கீழே போட்டான். எப்போதும் உட்கார்ந்து வலக்கையால்தான் குடிப்பவன், ஒரு போத்தலைத் திறந்து, நின்றபடியே, இடக்கையால், முழுக்கக் குடித்தான்.

மைதானத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போகப் பார்த்தான். முகத்தில் வெட்கமோ பயமோ எதுவும் இல்லை.

ஸைத் ஓடி வந்தான். "பரவாயில்ல கோச். மறந்து குடிச்சா நோன்பு முறியாது. அது அல்லாஹ் குடுத்த தண்ணி. ஒண்டும் கேக்க வேணாம், அவன் வெக்கப்படுவான்."

நல்ல பிள்ளை ஸைத். கூட்டாளியின் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னான். வேறொரு நாளென்றால் கிளெமென்றும் அதையேதான் செய்திருப்பார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அன்றைக்கு அவருடைய முகம் சாம்பலாகிவிட்டது. அஹ்ஸனின் ஜேர்சியைப் பிடித்து இழுத்தார்.

"மகன், இண்டைக்கு எத்தனையாவது நோன்பு?"

அஹ்ஸன் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான். "நோன்பா? நாளைக்குத் தானே கோச் தலை நோன்பு?"

முதல் நோன்பு எப்போதோ போய், பெருநாளுக்கு உடுப்பு வாங்கவென்று வெள்ளவத்தைக் கடைகளில் சனம் நெருக்கியடிக்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ஸைத் பின்னால் நகர்ந்தான். கிளெமென்ற் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அஹ்ஸனை வெளியே எடுப்பதாகச் சொன்னார்.

"மாத்த ஆளில்லையே" என்றார் நடுவர் சிங்களத்தில்.

"தெரியும். பத்துப் பேர் விளையாடுவாங்க."

ஷிராஸ் ஹாஜியார் வயிறு குலுங்க ஓடி வந்தார். "ஓய், உங்களுக்குப் பைத்தியமா? இன்னம் கொஞ்ச நேரம் தானே ஈக்கி! தண்ணியும் குடிச்சிட்டான், இனி தான் தெம்பா ஓடுவான்!"

"அவனுக்குத் தலையில அடி, ஹாஜியார்."

"நோன்புக் களைப்ப அடியெண்டு செல்றியா? எங்கட நோன்பப் பத்தி ஒனக்கு என்னத்தத் தெரியும்?"

எதிர்த்துச் சண்டை போடக்கூடக் கிளெமென்றுக்குத் தெம்பில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அஹ்ஸனை வாங்கில் உட்கார வைத்து, தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் அழுதான். "ஏன் கோச் என்ன எடுத்தீங்க?" என்று கேட்டான். கிளெமென்ற் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே, முதல் தடவை கேட்பவனாகக் கேட்டான். இவரும் முதல் தடவை சொல்பவராகச் சொன்னார். பிறகும் கேட்டான்.

நடுவில் ஆளில்லாத எங்கள் பின்களத்துக்குள்ளால் எதிரணி இரண்டாவது கோலை அடித்தது. நான் பார்க்கவில்லை, காரை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

ஸைத்திடம் தாய்க்கு அறிவிக்கச் சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். பின் சீட்டில் கிளெமென்ற் அவனைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார். ஆமர் வீதிச் சந்தியில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிட்டது. நாலைந்து இளைஞர்கள் நிற்கும் வாகனங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்கள் ஜன்னலுக்குள்ளும் நீட்டினான். அஹ்ஸன் பழத்தைக் கையில் வாங்கி, இது எதற்கு என்று கேட்டான். தின்னாமலே வாந்தியெடுத்தான். கிளெமென்ற் தன் ஷேர்ட்டைக் கழற்றி அவன் வாயைத் துடைத்தார்.

"அண்ணே" என்றார் பிறகு, பெனியனோடு. "நான் கண்டனான். பக்கம் மாறிப் போனத கண்டன். குந்தினத கண்டன். அந்த டொக்டர் படம் போட்டுக் காட்டின எல்லாத்தயும் ஒண்டொண்டாக் கண்டன். நோன்பெண்டு நினைச்சிட்டன்."

"எல்லாருக்கும் அப்பிடித்தானே தெரிஞ்சது."

"எல்லாரும் கோச் இல்லயே."

எனக்கு எரிச்சல் வந்தது. அவர்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியாத எரிச்சல். "நீர் சும்மா இரும் ஐசே. நீர் கண்டபடியால்தான் இப்ப பெடியன் காருக்குள்ள இருக்கிறான். அதை மட்டும் நினையும்."

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்து ஸ்கான் பண்ணினார்கள். வெளியே நின்றபோது என் ஃபோன் அடித்தது. ஷிராஸ் ஹாஜியார். கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. "டொக்டர்மார் கேட்டா, அடிபட்ட ஒடனே எடுத்தெண்டு செல்லுங்க. கழகத்துக்குப் பேர் கெட்டுப் போகும். கிளெமென்றுக்கும் நல்லது அது தான்." நான் அதை அப்படியே கிளெமென்றிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, அதில் பிழையும் இல்லை என்றேன். அவர் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஷபீகா த்ரீவீலரில் வந்து இறங்கினார். கையில் ஒரு ஃபிளாஸ்க். மகன் நோன்பு திறக்கக் கஞ்சி. ஸைத் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். நேரே கிளெமென்றிடம் வந்தார்.

"நீங்க தான் கண்டீங்கெண்டு ஸைத் சென்னான். தோத்தாலும் பரவாயில்லெண்டு வெளிய எடுத்தீங்களாம். ஹாஜியார் ஏசினாராம், நீங்க கணக்கெடுக்கல்லயாம். அல்லாஹ் ஒங்கள நல்லா வெப்பான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தகப்பன் இல்லாத எடத்துல நீங்க நிண்டிருக்கீங்க."

இருபது வருடமாகக் கோச்சாக இருக்கும் மனிதரிடம் ஒருவர் நன்றி சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிளெமென்ற் என்ன செய்வதென்று தெரியாமல் பெனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். அந்த நன்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டுமே.

மேனுகா என்ற இளம் பெண் டொக்டர் வெளியே வந்தார். ஸ்கானில் இரத்தக் கசிவு எதுவும் இப்போதைக்குத் தெரியவில்லை என்றார் சிங்களத்தில். ஷபீகா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சுவரில் சாய்ந்தார். அதற்காகப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம் என்றார் டொக்டர். ஸ்கானில் தெரியாத அடி இது. வார்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும், எத்தனை மாதம் பந்தைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எத்தனை அடி, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது.

"அடிபட்டதும் வெளியே எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல மிஸ்" என்றார் கிளெமென்ற். "முதல் பாதியிலயே அடிபட்டது. நான் எடுக்கல்ல. இடைவேளைக்குப் பிறகும் நெடுநேரம் விளையாட விட்டன். அதுக்குள்ள தலையாலயும் பந்தை அடிச்சான். தடுமாறினத கண்டன். நோன்புக் களைப்பெண்டு விட்டன்." சிங்களத்தில் தொடங்கியவர் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். தாய்க்கும் கேட்க வேண்டும் என்றுதான் வந்தார் என்று நான் நினைக்கிறேன்.

ஷபீகா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தமிழ் ஓரளவு விளங்கும் டொக்டர், தலையை அசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கடந்த சில நாட்களில் வேறு அடி ஏதும் பட்டதா? ஆறாத அடிக்கு மேல் இன்னொரு அடி என்றால் கதை வேறு, அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

"இல்ல" என்றார் கிளெமென்ற். இதை நிச்சயமாகச் சொன்னார்.

"ஈக்கி, வேற அடியும் பட்டீக்கி" என்றார் ஷபீகா.

டொக்டரும் கிளெமென்றும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஃபிளாஸ்க்கை அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"போன ஞாயித்துக்கெழம மெச் முடிஞ்சி வந்து, நோன்பு தொறந்த கையோட வாந்தியெடுத்த. விடிய முந்தி ஸஹர் சோத்துக்கு எழுப்பினா, லைட்ட ஓப் பண்ணுங்க உம்மா, கண்ணு கூசுதெண்டு மூஞ்ச மூடிக்கிட்டு இருட்டுல தான் சோறு திண்ட. என்ன மகனெண்டு கேட்டன். பந்து பட்டெண்டு சென்னான். மூணு நாளா மண்ட இடியெண்டு தைலம் பூசினான். நானும் நோன்புக் களைப்பெண்டு தான் நெனச்சன். நான் தானே தைலத்தத் தேச்சி விட்டன்."

டொக்டர் வேறு எதுவும் கேட்காமல், பெரிய டொக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அவசரமாக உள்ளே போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நான் நினைத்துப் பார்த்தேன். கோலுக்குள் போகவிருந்த பந்தை அஹ்ஸன் பாய்ந்து விழுந்து முகத்தால் தடுத்தான். அதனால்தான் அன்று வென்றோம். ஷிராஸ் ஹாஜியார் அன்று நோன்பு திறந்த பிறகு தின்னச் சொல்லி எல்லோருக்கும் பிரியாணிப் பார்சல் கொடுத்தார். அவன் எழும்பக் கொஞ்சம் பிந்தியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்போது நாங்கள் எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்தோம். கிளெமென்றும் கையைத் தலைக்கு மேல் தூக்கித் துள்ளினார், அந்த முழங்கால்களோடு. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். சுவரோரம் இருந்த வாங்கில் மெல்ல உட்கார்ந்தார். ஷபீகாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஃபிளாஸ்க் இருந்தது.

பிறகு ஷபீகா கேட்டார். குரலில் கோபமில்லை. வீட்டிலிருந்த தாய்க்குத் தெரியாத ஒன்றை, அங்கே இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான்.

"போன ஞாயித்துக்கெழமயும் நீங்க அங்க தானே நிண்டீங்க, கோச்?"

"ஓம்" என்றார் கிளெமென்ற். "அங்க தான் நிண்டன்."